நாலு பக்கத்தம்மாவின் மகள்

குண்டூசிக்கு உதவித்தொகை கிடைத்த விஷயம் தெருவுக்குத் தெரிந்த விதமே தனி. "கல்லூரி மாணவர்கள் வெளியூர் அரசு அலுவலகங்களில் எட்டு வாரம் பயிற்சி பெறுவதற்கான மாநில உதவித்தொகை" என்றுதான் கடிதத்தில் அச்சடித்திருந்தது. அம்மாவின் வாய் வழியாக வெளியே வந்தபோது அது, "என் பொண்ணை அரசாங்கமே கூப்பிட்டிருக்கு, அவ வந்தாதான் அங்க வேலையே ஓடுமாம்" என்று ஆகிவிட்டது. தெரு நம்பியதா என்று கேட்காதீர்கள். அம்மா பேசும்போது குறுக்கே பேசும் தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைதான் பிழைப்பு. மகள் ஒல்லியாகவும் வாய் மட்டும் கூர்மையாகவும் வளர்ந்துவிட்டதால், துணி கொடுக்க வந்த யாரோ வைத்த பெயர் குண்டூசி. அது கல்லூரி வரைக்கும் கூடவே வந்துவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்து, ஒரு சான்றிதழோடு திரும்பி, அதைக் காட்டியே மேல்படிப்புக்கு இடம் வாங்கிவிடுவார்கள். குண்டூசி மாதிரிப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் யார் தருவது, சோறு யார் போடுவது? அதற்குத்தான் இந்த உதவித்தொகை. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் அரசாங்கச் செலவு. எட்டு வாரம் ஒழுங்காக இருந்தால் சான்றிதழ். கூடவே ஒரு சின்ன விதிப் புத்தகமும் கொடுத்தார்கள். அதைக் குண்டூசி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆமாம், நீங்களும் நானும் மட்டும் படித்திருப்போமாக்கும்!

எந்த அலுவலகம் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மனுப் பிரிவு. மாநிலம் முழுக்க ஜனங்கள் எழுதுகிற குறை, புகார், கெஞ்சல், மிரட்டல் எல்லாம் முதலில் இங்கேதான் வந்து விழும். இவர்கள் படித்துப் பார்த்து, எது எந்தத் துறைக்கோ அந்தத் துறைக்கு அனுப்பிவைப்பார்கள். மூன்றாவது மாடி. நான்கு மேஜை, ஒரே வேகத்தில் மட்டும் சுற்றும் மின்விசிறி, உதைத்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் இரும்பு பீரோ. ஆட்கள் மூன்றே பேர். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிற கண்காணிப்பாளர் மேடம், தட்டச்சு அக்கா, கோப்புகளைக் கட்டி மேய்க்கிற பதிவறை அண்ணன்.

மேடம் முதல் நாளே வேலையைச் சொல்லிவிட்டார். "பத்து வருஷத்துக்கு மேல தூங்குற கோப்பு எல்லாத்தையும் அடுத்த மாசக் கடைசியில மூடணும்னு உத்தரவு. ஒவ்வொண்ணாப் படி. என்ன விஷயம்னு ஒரு வரி எழுது. இனிமே நகர வழியிருந்தா 'வைக்கலாம்', இல்லைன்னா 'மூடலாம்'னு போடு. மூடிட்டா மூடினதுதான், அப்புறம் யார் வந்து அழுதாலும் திறக்க முடியாது. அதனால கொட்டாவி விட்டுக்கிட்டுப் படிக்காதே."

குண்டூசி கொட்டாவி விடவில்லை. தும்மினாள். பதினைந்து வருஷத் தூசி.

இரண்டாவது வாரம். நாலு மணிக்கு டீ வந்தது. அண்ணன் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து, தலையணை பருமனில் ஒரு கோப்பை எடுத்தார்.

"தங்கச்சி, நீ இன்னும் நாலு பக்கத்தம்மாவைக் கேட்டதில்லையே? உட்காரு, உட்காரு."

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அந்தம்மா ஒரு மனு அனுப்புவாராம். எப்போதும் நாலு பக்கம், ஒரு வரி குறையாது. புது மனு வராத நாட்களில் பழசை எடுத்து வாசிப்பார்கள். அண்ணன் வாசித்தால்தான் எடுபடும் என்று அக்கா சொன்னாள். மேடம்கூட கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "'மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, அல்லது இரண்டு பேரும் இருந்தால் இரண்டு பேருக்கும் வணக்கம். எங்கள் தெருமுனை வழியாகத் தினமும் ஆறு முறை பஸ் போகிறது. ஒரு முறைகூட நிற்பதில்லை. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கையைக் காட்டினால், டிரைவரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான் என்ன அவருக்கு அத்தை மகளா?'"

குண்டூசிக்கு டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்த அறையில் அவள் சத்தம்தான் பெரிசு. "அண்ணே, இன்னும், இன்னும்!" என்றாள்.

"'அன்றைக்கு மழையில் நடந்தே வந்த என் மகளுக்கு அடித்துப்போட்ட மாதிரிக் காய்ச்சல். காய்ச்சல் வேகத்தில் உளறி, பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பென்சில் டப்பாவை எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். பஸ் நின்றிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு இந்த அவமானம் வந்திருக்குமா? இதற்கு அரசு என்ன பதில் சொல்லப்போகிறது?'"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குண்டூசியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அந்த டப்பா அவளுக்குத் தெரியும். நீல நிறம், மூடியில் குதிரைப் படம். எடுத்தது அவள்தானே, தெரியாமல் இருக்குமா?

"அந்தப் பென்சில் டப்பா இப்ப காலேஜ் படிக்குது" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல. "ஏழாம் கிளாஸ்ல அவளே அவ முடியை வெட்டிக்கிட்டா பாரு, அந்த லெட்டர்தான் எனக்குப் பிடிச்சது."

"எனக்குக் கணக்குல பதினேழு மார்க் வாங்கினது" என்றார் மேடம்.

அம்மா எங்கெங்கோ மனு போடுவாள் என்பது குண்டூசிக்குத் தெரியும். அதில் ஒன்றையும் அவள் படித்ததில்லை. இப்போது பார்த்தால், மூன்றாம் வகுப்பு முதல் அவள் மானம் மரியாதை மொத்தமும் பக்க எண் போட்டு, முத்திரை குத்தி, அரசாங்கக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். ஒன்பதாவது விதி: குடும்பத்தார் சம்பந்தப்பட்ட கோப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் பயிற்சி செல்லாது. சரி, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளை நாளை என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வாரத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. மேலே வாசிக்கிற ஆசை என்று அண்ணனிடம் சொல்லி, அந்தக் கோப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பதினோரு வருஷம், அறுபத்து மூன்று மனு. படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. பஸ் துறை முதல் வருஷமே பதில் எழுதியிருந்தது: "நிறுத்தம் அமைக்க இத்துறைக்குத் தடையில்லை. மனுவிலுள்ள மற்ற விஷயங்களில் ஏனைய துறைகளின் பதில் வந்ததும் உத்தரவிடலாம்."

இங்கேதான் வந்தது வினை. ஒரு மனுவில் எத்தனை விஷயம் இருக்கிறதோ அத்தனை துறைக்கும் அது போகவேண்டும். எல்லாத் துறையும் பதில் சொன்ன பிறகுதான் கோப்பு அடுத்த மேஜைக்கு நகரும். அது அந்த ஆபீஸ் வழக்கம். அம்மாவோ பஸ்ஸில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு நாய், குழாயில் வரும் கலங்கல் தண்ணீர், பள்ளிக்கூட மணி ஐந்து நிமிஷம் முந்தி அடிப்பது, சந்தையில் விற்கும் நூல் இரண்டு இழுப்பில் அறுந்துபோவது என்று ஒன்றையும் விடமாட்டாள். பதினாறு துறை. அதில் கால்நடைத் துறை மட்டும் ஏழு முறை எழுதியிருந்தது: "குறிப்பிட்ட நாயின் நிறம் தெரிவிக்கப்படவில்லை." நிறத்தைக் கேட்டு அம்மாவுக்கு யாரும் எழுதவில்லை. ஆக, பஸ் நிற்காததற்குக் காரணம் ஒரு நாயின் நிறம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஊரில் அம்மா இன்னும் நடந்துகொண்டிருந்தாள். தைத்த சீருடைகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம் தள்ளியிருக்கிற நிறுத்தத்துக்கு. இடது முழங்கால் வீங்கி, படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். மாசக் கடைசியில் கோப்பு மூடினால் அவ்வளவுதான். ஒருமுறை மூடிய விஷயத்துக்கு மறுபடி மனு போட்டாலும் "ஏற்கெனவே முடிக்கப்பட்டது" என்று திருப்பிவிடுவார்கள். காலத்துக்கும் நடைதான்.

குண்டூசி அண்ணனிடம் போனாள். "ஏண்ணே, பஸ்ஸைப் பத்தி மட்டும் தனியா ஒரு மனு போட்டா அன்னைக்கே வேலை முடிஞ்சிருக்குமே. இதை அந்தம்மாகிட்ட யாரும் சொல்லலையா?"

"முதல் வருஷமே சொல்லலாம்னு நினைச்சேன்" என்று அண்ணன் சிரித்தார். "சொன்னா லெட்டர் நின்னு போயிடுமேம்மா!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பீரோவை உதைத்துத் திறந்து, அதற்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தார். குண்டூசிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டாள். எந்த ஆபீஸில் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "அம்மா, இங்க தெரிஞ்சவங்க சொன்னாங்க. மனுவுல பஸ்ஸைப் பத்தி மட்டும் எழுது. நாயை விட்டுடு."

"நாய் இல்லாம எப்படிடி? அந்த நாய் துரத்தினதாலதானே நான் குறுக்கு வழியில போக முடியல? காரணம் சொல்ல வேண்டாமா?"

"அது செத்து நாலு வருஷம் ஆச்சும்மா!"

"செத்துட்டா? துரத்தினது இல்லைன்னு ஆயிடுமா?"

நாலு நாள் கழித்து மனு வந்தது. மூன்று பக்கம். டீ நேரத்தில் அமோக வரவேற்பு. குண்டூசி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மறுபடி போன் போட்டால், அம்மா பெருமையாகக் கேட்டாள், "ஒரு பக்கம் குறைச்சிட்டேன் பார்த்தியா?"

குண்டூசிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு பஸ் வேணுமா, லெட்டர் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா!"

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. அம்மா பேசிக்கொண்டே தைப்பாள், தைத்துக்கொண்டே திட்டுவாள். மிஷினை நிறுத்துவது அபூர்வம்.

"நீ காலையில போனா சாயங்காலம் வர்ற" என்றாள் அம்மா, மெதுவாக. "வந்தாலும் போனுக்குள்ள தலையைக் கவுத்துக்குவ. துணி கொடுக்க வர்றவங்க அவங்கவங்க கதையைச் சொல்லுவாங்க, நான் கேட்டுக்குவேன். என் கதையை நான் யார்கிட்டடி சொல்றது? அரசாங்கம்தான் குறுக்க பேசாம கேக்குது."

பிறகு அம்மாவே மறுபடி கேட்டாள்.

"ஒரு வரி எழுதினா பஸ் நிக்குமா?"

"நிக்கும்மா."

"சரி, வை" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

மாசம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தபால் வந்தது. டீ ஊற்றியாயிற்று, எல்லோரும் வசதியாக உட்கார்ந்தாயிற்று. அண்ணன் உறையைக் கிழித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"என்னண்ணே?" என்றாள் அக்கா.

"'ஐயா, எங்கள் தெருமுனையில் பஸ் நிற்க வேண்டும். இப்படிக்கு...' அவ்வளவுதான். கையெழுத்துதான் இருக்கு."

யாரும் டீயைத் தொடவில்லை.

"உடம்பு சரியில்லையோ என்னவோ" என்றாள் அக்கா. "நாலு பக்கம் எழுதுறவங்க ஒரு வரியோட நிறுத்துவாங்களா? படுத்த படுக்கையா இருக்காங்களோ?"

"இது அவங்க எழுதினதே இல்லை" என்றார் அண்ணன் தீர்மானமாக. "பதினோரு வருஷமாப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா? வணக்கம் இல்லை, கேள்வி இல்லை, பென்சில் டப்பா இல்லை. எவனோ அவங்க பேர்ல எழுதியிருக்கான்."

மேடம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுது. போலி. கையெழுத்தைச் சரிபார்க்க அனுப்பிடுங்க. பதில் வர்ற வரைக்கும் இதைக் கோப்புல சேர்க்கக் கூடாது."

சரிபார்க்க ஒரு மாசம் ஆகும். கோப்பு மூட ஒரு நாள்தான் இருந்தது. அடக் கடவுளே! நாலு பக்கம் எழுதினால் நகராது, ஒரு வரி எழுதினால் நம்பமாட்டார்கள். அந்த அம்மா என்னதான் செய்வாள்?

குண்டூசி எழுந்து நின்றாள். சான்றிதழ் கண் முன்னால் வந்துபோனது. அம்மாவின் முழங்காலும் வந்தது.

"மேடம், அது போலி இல்லை. எங்க அம்மா எழுதினது."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"பென்சில் டப்பா நான்தான்."

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திறந்திருந்த இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினார். "நாங்க வாசிச்சப்பல்லாம் நீ இங்கதானே உட்கார்ந்திருந்த?" என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நானும்தாண்ணே சிரிச்சேன். உங்க எல்லாரையும்விட சத்தமா சிரிச்சேன்." அதற்குமேல் முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

மேடம் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். "எப்ப தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான், கையெழுத்தைப் பார்த்துத்தான் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அந்தப் பொய் அவள் நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அதை விழுங்கினாள். "மூணு வாரம் ஆச்சு மேடம்."

"விதிப்படி எல்லாமே செல்லாதுன்னு எழுதணும்" என்றார் மேடம். பேனா மூடியை நாலு முறை கழற்றிக் கழற்றி மாட்டினார். "மறைச்ச மூணு வாரம் மட்டும் செல்லாதுன்னு எழுதுறேன். மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அந்த மூணு வாரத்தையும் கடைசியில கூட இருந்து முடிச்சுட்டுப் போ. அதுக்கு உதவித்தொகை கிடையாது. இந்தக் கோப்பை இனி நீ தொடக் கூடாது."

"அப்ப எங்க தங்குவா?" என்றாள் அக்கா. "என் வீட்ல தங்கிக்கட்டும். ஆனா ஒண்ணு, அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்தியா இல்லையான்னு சொன்னாதான் உள்ள விடுவேன். பதினோரு வருஷமா எனக்கு அந்தச் சந்தேகம்."

"கொடுக்கலைக்கா" என்றாள் குண்டூசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அப்போதுதான் அறையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

மேடமே கோப்பை எடுத்து, தன் கையால் "வைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே விஷயம், ஒரே துறை, பழைய சம்மதமும் உள்ளேயே இருக்கிறது. அண்ணன் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு கட்டிடம் தாண்டிப் பஸ் துறைக்குப் போய், உத்தரவு தட்டச்சாகும் வரை அங்கேயே நின்றாராம். பதினோரு வருஷம் வராத உத்தரவு அன்றைக்கே வந்தது; கம்பம் நட மட்டும் இன்னும் சில வாரம் ஆனது.

பதினோராம் வாரம், குண்டூசி ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். "நின்னுச்சுடி! நம்ம முனையில கம்பம் நட்டு, போர்டு போட்டு, பஸ் நின்னுச்சு! டிரைவர் பிரேக்கைப் போட்டுட்டு என் மூஞ்சியையே பார்க்கிறாரு. நான் ஏறலையே!"

"ஏம்மா?"

"எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கலை. நிக்குதான்னு பார்க்கத்தானே போனேன்?"

சிரித்துக்கொண்டிருந்தபோதே குண்டூசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எந்த ஆபீஸ், எந்தக் கோப்பு, ஒரு வரி மனு பட்ட பாடு, மூன்று வாரம் கூட இருந்த காரணம், எல்லாம். அம்மா ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டாள். குண்டூசிக்கு அதுவே பயமாக இருந்தது.

"அப்ப என் லெட்டரை எல்லாம் அங்க யாராவது படிச்சாங்களா?" என்றாள் அம்மா கடைசியில்.

"எல்லாரும் படிச்சாங்கம்மா. ஒரு வரி விடாம. வாய்விட்டு வாசிச்சாங்க."

"என்ன சொன்னாங்க?"

குண்டூசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "சிரிச்சாங்கம்மா. நானும் சிரிச்சேன்."

"நல்லா சிரிச்சாங்களா?"

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு."

"பதினோரு வருஷம்டி" என்றாள் அம்மா. "சிரிக்கட்டும்னுதானே அப்படி எழுதினேன். ஒருத்தரும் சிரிக்கலைன்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."